அல்கோல் உடுவும் அதன் அளவீட்டு வரலாறும்

வானத்து உடுக்களை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக நோக்கி வந்துள்ளான். அவற்றுக்குப் பெயரிட்டான், அவற்றைக் கூட்டங்களாகப் பகுத்தான், பயிர்ச்செய்கைக்கும் கடற்பயணத்துக்கும் அவற்றைத் துணைக்கொண்டான். ஆயினும் ஓர் உடுவின் பருமன் யாது, அதன் திணிவு யாது என்னும் வினாக்களுக்கு விடைகாணும் முயற்சி மிகப் பிந்திய காலத்திலேயே தோன்றியது. இதற்கான காரணம் வெளிப்படையானது. ஞாயிறும் திங்களும் வட்டத் தட்டுக்களாகக் காட்சியளிக்கின்றன. ஆதலால் அவற்றின் தூரத்தை அறிந்தவன் அவற்றின் விட்டத்தையும் கணித்துவிடலாம். உடுக்களோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தொலைகாட்டிகளினூடாக நோக்கியபோதும் வெறும் ஒளிப்புள்ளிகளாகவே தென்பட்டன. புள்ளிக்கு விட்டம் இல்லை. அதனை நிறுப்பதற்குத் தராசும் இல்லை.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து வானியலாளருக்கு வழிகாட்டியவை கிரகண இரட்டை உடுக்கள் எனப்படுவன. ஒன்றையொன்று சுற்றிவரும் இரு உடுக்களின் ஒழுக்குத் தளம் நமது பார்வைக் கோட்டுடன் ஏறத்தாழ ஒன்றியிருக்குமாயின், அவை மாறிமாறி ஒன்றையொன்று மறைக்கும். அவ்வாறு மறைக்குந்தோறும் நாம் பெறும் ஒளி குன்றும். அக்குன்றலின் ஒழுங்கிலிருந்து, கண்ணுக்குப் புலப்படாத இரு பொருள்களின் இயல்புகளை உய்த்தறிய முடியும். இவ்வகை உடுக்களுள் முதன்முதலாக ஆராயப்பட்டது அல்கோல் ஆகும். 1782ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் அளவீட்டு முயற்சி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தே நிறைவெய்தியது எனலாம். அவ்வரலாற்றில் எவை உண்மையில் அளக்கப்பட்டன, எவை அளவீடு என்னும் பெயரில் கருதிக்கொள்ளப்பட்டன என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேய்த்தலையும் செவிப்புலனற்ற இளைஞரும்

அல்கோல் பேர்சியசு என்னும் உடுத்தொகுதியைச் சேர்ந்தது. கிரேக்கப் புராணத்தில் பேர்சியசு என்னும் வீரன் வெட்டி ஏந்திய மெடூசாவின் தலையில் இவ்வுடு அமைந்திருப்பதாகக் கொள்ளப்பட்டது. பேயின் தலை என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்தே அல்கோல் என்னும் பெயர் பிறந்தது. இப்பெயரைக் கொண்டு, இவ்வுடுவின் ஒளி மாறுவதைப் பண்டையோர் அறிந்திருந்தனர் எனக் கூறுவாரும் உளர். ஆனால் அவ்வொளி மாற்றத்தைத் தெளிவாகப் பதிவு செய்தவராக நாம் அறிபவர், இத்தாலியின் பொலோஞா நகரில் 1667ஆம் ஆண்டளவில் இதனை நோக்கிய யெமினியானோ மொன்ரனாரி என்பவரேயாவர். அவரும் மாற்றம் உண்டு எனக் கண்டாரேயன்றி, அம்மாற்றம் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது எனக் கண்டாரல்லர்.

அவ்வொழுங்கைக் கண்டவர் யோன் குட்றிக் என்னும் இளைஞர். 1764ஆம் ஆண்டு ஒல்லாந்தின் குறோனிங்கன் நகரிற் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே நோயினாற் செவிப்புலனை இழந்தவர். எடின்பரோவில் தோமஸ் பிறெயிட்வுட் நடத்திவந்த செவிப்புலனற்றோருக்கான பள்ளியிலும், பின்னர் வொறிங்ரன் கல்விக்கூடத்திலும் பயின்ற இவர், இங்கிலாந்தின் யோர்க் நகரில் வாழ்ந்துவந்தார். அங்கு இவரது அயலவராக இருந்தவர் எட்வேட் பிகொற் என்னும் வானியலாளர். குட்றிக்கை விட ஏறத்தாழப் பதினொரு வயது மூத்தவரான பிகொற், தந்தையாரின் வழியில் வானியற் பயிற்சி பெற்றவர். ஒளிமாறும் உடுக்களைத் தேடி ஆராயும் பணியில் இளையவரை ஈடுபடுத்தியவர் அவரே.

1782ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அல்கோலின் ஒளி வழமைக்கு மாறாகக் குன்றியிருப்பதைக் குட்றிக் கண்டார். அப்போது அவருக்கு வயது 18. அதன் பின்னர் வானம் தெளிந்த இரவுகளிலெல்லாம் அருகிலுள்ள உடுக்களுடன் ஒப்பிட்டு அல்கோலின் ஒளியை வெறுங்கண்ணால் மதிப்பிட்டு வந்தார். அக்குன்றல் 2 நாள் 20 மணித்தியாலம் 45 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது என அவர் கண்ட முடிவு 1783ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. இன்று ஏற்கப்படும் காலம் ஏறத்தாழ 2 நாள் 20 மணித்தியாலம் 49 நிமிடம் ஆகும். கண்ணையும் கடிகாரத்தையும் அன்றி வேறெக்கருவியையும் பெரிதும் சாராத இக்கணிப்பின் வழு நான்கு நிமிடமேயாகும். அதே ஆண்டில் றோயல் சங்கம் அவருக்குக் கொப்லி பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது.

இம்மாற்றத்துக்கான காரணமாகக் குட்றிக் இரண்டு கருத்துக்களை முன்வைத்தார். அல்கோலைச் சுற்றிவரும் பெரும் பொருளொன்று அதனை இடையிடையே மறைக்கலாம். அன்றேல், அல்கோலின் ஒரு பக்கத்திலுள்ள கரும்புள்ளிகள் அது சுழலும்போது நம்மை நோக்கித் திரும்பலாம் என்பன அவை. பிகொற்றின் குறிப்பேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள், கிரகணக் கருத்து அவரிடமிருந்தே முதலில் எழுந்திருத்தல் கூடும் எனக் கருதுகின்றனர். எனினும் கண்டுபிடிப்பின் பெருமையைத் தம் இளைய நண்பருக்கே பிகொற் விட்டுக்கொடுத்தார். குட்றிக்கோ நெடுநாள் வாழ்ந்தாரல்லர். 1786ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆம் நாள் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட அவர், நான்கு நாட்களின் பின்னர் தமது 21ஆவது வயதிற் காலமானார்.

கைவிடப்பட்ட கருத்தின் மீள்வருகை

இன்று சரியென நாம் அறிந்த கிரகணக் கருத்து அன்று நிலைபெறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அக்காலத்தின் தலைசிறந்த தொலைகாட்டிகளை ஆக்கிய வில்லியம் ஹேர்ஷல் அல்கோலைக் கூர்ந்து நோக்கி, அது தனியுடுவாகவே தோன்றுகின்றது என 1783இல் அறிவித்தார். மேலும், ஓர் உடுவின் ஒளியிற் பெரும்பகுதியை மறைக்கத்தக்க பேருருவினதாகிய ஒரு பொருளை எவரும் அதுவரை அறிந்திருக்கவில்லை. ஞாயிற்றிற் கரும்புள்ளிகள் உண்டென்பதோ யாவரும் அறிந்த உண்மையாகும். ஆகவே அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்கும் இயல்பான மனப்போக்கு கரும்புள்ளிக் கருத்தின் பக்கம் சாய்ந்தது. குட்றிக்கே பிற்காலத்தில் அதன்பாற் சாய்ந்தார்.

இக்கருத்து மோதல் வெறும் சொற்போராக நீடித்தமைக்குக் காரணம், இரு கருத்துக்களையும் வேறுபடுத்தி அறியத்தக்க அளவீடு இல்லாமையேயாம். ஹாவாட் வானாய்வகத்தின் தலைவராக விளங்கிய எட்வேட் பிக்கறிங் 1880ஆம் ஆண்டளவில் இப்பொருளை மீண்டும் எடுத்தாண்டார். ஒளி எவ்வாறு குன்றி எவ்வாறு மீள்கின்றது என்பதைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளி வளையி எனப்படும். ஓர் உருண்டையை இன்னோர் உருண்டை மறைத்துச் செல்லுமாயின் அவ்வளையி எவ்வடிவினதாக இருத்தல் வேண்டும் என்பதைக் கணித்து, அல்கோலின் ஒளி வளையி அதனுடன் பொருந்துவதை அவர் காட்டினார்.

ஆயினும் ஒளி வளையி தரும் அறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கின்றது என்பதிலிருந்து, இரு உடுக்களின் ஆரைகள் அவற்றுக்கிடையிலான தூரத்தில் எத்தனை பங்கு என்பதைப் பெறலாம். ஒளி எவ்வளவு குன்றுகின்றது என்பதிலிருந்து அவற்றின் மேற்பரப்புப் பிரகாசங்களை ஒப்பிடலாம். ஆனால் இவையனைத்தும் விகிதங்களே. அளவுத்திட்டம் குறிக்கப்படாத தேசப்படத்தில் ஊர்களின் அமைப்பைக் காணலாம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் எத்தனை கிலோமீற்றர் என்று கூற இயலாது. ஒளி வளையியை மட்டும் கொண்டிருந்த வானியலாளரின் நிலையும் அத்தகையதே.

ஃபோகலின் அளவுத்திட்டம்

அவ்வளவுத்திட்டத்தை வழங்கியது நிறமாலை ஆய்வு ஆகும். ஒளிதரும் பொருள் நம்மை நெருங்கும்போது அதன் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் இடம்பெயரும். 1842இல் தோப்பிளர் எடுத்துரைத்த விளைவின் வழிவந்த இவ்வுண்மையைப் பயன்படுத்தி, ஜேர்மனியின் பொற்ஸ்டாம் வானாய்வகத்தில் ஹேர்மன் ஃபோகல், யூலியஸ் ஷைனருடன் இணைந்து, உடுக்களின் நிறமாலைகளைப் புகைப்படத் தட்டுகளிற் பதிவுசெய்து அவற்றின் வேகங்களை அளந்துவந்தார். 1889ஆம் ஆண்டில் அவர் அல்கோல் பற்றிய முடிவை வெளியிட்டார். ஒளி குன்றுவதற்கு முன்னர் அல்கோல் நம்மைவிட்டு விலகுகின்றது; ஒளி மீண்ட பின்னர் நம்மை நெருங்குகின்றது. புலப்படாத துணையொன்றுடன் அது சுற்றிவருகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நூறாண்டு காலம் ஐயத்துக்கிடமாயிருந்த கிரகணக் கருத்து இவ்வாறு உறுதிபெற்றது.

அல்கோலின் ஒழுக்கு வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் எனக் காணப்பட்டது. ஒரு சுற்றுக்கான காலம் ஏறத்தாழ 2,47,700 செக்கன். இவ்விரண்டையும் பெருக்கினால் ஒழுக்கின் சுற்றளவு ஒரு கோடியே நான்கு இலட்சம் கிலோமீற்றர் எனவும், அதன் ஆரை ஏறத்தாழ 16½ இலட்சம் கிலோமீற்றர் எனவும் பெறப்படும். விகிதங்களாக மட்டும் இருந்த படத்தில் முதன்முறையாகக் கிலோமீற்றர் என்னும் அலகு இடம்பெற்றது.

ஆனால் இது பாதி அளவீடே. இரு உடுக்களின் திணிவுகளையும் தனித்தனியே பெறுவதற்கு இரண்டினதும் வேகங்கள் தெரிதல் வேண்டும். பாரமான பொருள் மெதுவாகவும் பாரங்குறைந்தது விரைவாகவும் தமது பொதுப் புவியீர்ப்பு மையத்தைச் சுற்றுமாதலால், வேகங்களின் விகிதமே திணிவுகளின் விகிதத்தைத் தரும். அல்கோலின் துணையோ முதன்மையுடுவின் ஒளி வெள்ளத்தில் மூழ்கியிருந்தது; அதன் நிறமாலைக் கோடுகள் எவையும் தட்டிற் பதியவில்லை. இந்நிலையில் ஃபோகல் துணையை ஒளியற்ற பொருளாகவும், இரண்டின் அடர்த்தியையும் சமமாகவும் கருதிக்கொண்டார். அடர்த்தி சமமெனின் கனவளவுகளின் விகிதமே திணிவுகளின் விகிதமாகும். இவ்வழியில் அவர் பெற்ற பேறுகள் பின்வருமாறு: முதன்மையுடுவின் விட்டம் ஏறத்தாழ 17 இலட்சம் கிலோமீற்றர், துணையின் விட்டம் 13 இலட்சம், இடைத்தூரம் 52 இலட்சம், துணையின் வேகம் செக்கனுக்கு 89 கிலோமீற்றர், திணிவுகள் முறையே ஞாயிற்றின் திணிவில் ஒன்பதில் நான்கு பங்கும் ஒன்பதில் இரண்டு பங்கும் ஆகும்.

இவ்வெண்கள் பல நூல்களில் இடம்பெற்றுப் பரவின. படிப்போர் கண்ணுக்கு 42 என்னும் எண்ணும் 89 என்னும் எண்ணும் ஒரே தன்மையனவாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆனால் முன்னையது தட்டிலிருந்து அளந்தெடுக்கப்பட்டது. பின்னையது கருதுகோளிலிருந்து கணித்தெடுக்கப்பட்டது. பின்வந்த வரலாறு இவ்வேறுபாட்டையே வெளிப்படுத்தியது.

ஃபோகலின் காலத்திலேயே இத்தகைய கருதுகோள் வேண்டாத உடுக்களும் கண்டறியப்பட்டன என்பதையும் குறிப்பிடுதல் தகும். ஹாவாட் வானாய்வகத்தில் நிறமாலைத் தட்டுகளை ஆராய்ந்த அன்ரோனியா மோறி என்னும் பெண்மணி, தேரோட்டி உடுத்தொகுதியின் இரண்டாவது ஒளிமிகு உடுவில் நிறமாலைக் கோடுகள் நாட்கணக்கில் இரட்டையாகப் பிரிந்து ஒன்றுசேர்வதை 1889இற் கண்டார். அங்கு இரு உடுக்களும் ஏறத்தாழச் சம ஒளியின. ஆகவே இரண்டின் வேகத்தையும் நேரே அளக்க முடிந்தது. அவ்வுடுவும் ஒரு கிரகண இரட்டையே என்பது 1911ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது.

கருதுகோள்களின் வீழ்ச்சி

துணை ஒளியற்றது என்னும் முதற் கருதுகோள் 1910இல் வீழ்ந்தது. துணை ஒளியுடையதாயின், முதன்மையுடு அதனை மறைக்கும் வேளையிலும் சிறிதளவு ஒளி குன்றுதல் வேண்டும். அச்சிறு குன்றலைக் கண்ணால் அறிதல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவெல் ஸ்ரெபின்ஸ், ஒளிபட்டதும் மின்தடை மாறும் செலனியக் கலத்தைத் தொலைகாட்டியிற் பொருத்தி, அதனைப் பனிக்கட்டியாற் குளிர்வித்து அதன் தளம்பலைக் குறைத்து, அல்கோலைத் தொடர்ந்து அளந்தார். முதன்மைக் கிரகணங்கள் இரண்டுக்கு இடையில் ஏறத்தாழ ஆறு சதவீத ஒளி குன்றுவதை அவர் கண்டறிந்தார். மேலும், துணையின் இரு பக்கங்களுள் முதன்மையுடுவை நோக்கிய பக்கம் கூடிய ஒளியுடையது என்பதும் அவர் ஆய்வால் வெளிப்பட்டது. கருவியின் நுட்பம் வளர, இருளெனக் கருதப்பட்டது மங்கிய ஒளியெனத் தெளிந்தது.

இதனையடுத்து 1912இல், பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி நொறிஸ் றசல், ஒளி வளையியிலிருந்து ஆரைகளையும் ஒழுக்கின் சாய்வையும் ஒழுங்குமுறையாகக் கணிக்கும் வழியை வகுத்தார். அவரது மாணவர் ஹார்லோ ஷப்லி அம்முறையைக் கையாண்டு 90 இரட்டையுடுக்களின் ஒழுக்குகளைக் கணித்தார். தனித்தனி உடுக்களைப் பற்றிய ஆய்வாக இருந்த துறை, உடுக்கள் என்னும் இனத்தைப் பற்றிய ஆய்வாக இதன்மூலம் விரிவடைந்தது.

அடர்த்தி சமம் என்னும் இரண்டாவது கருதுகோள் இன்னும் ஆழமான ஒரு புதிருக்கு இட்டுச்சென்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அல்கோலையும் அதனை ஒத்த பிற தொகுதிகளையும் ஆராய்ந்தோர், அவற்றில் திணிவு குறைந்த உடுவே முதிர்ந்து பருத்த நிலையில் இருப்பதைக் கண்டனர். திணிவு மிக்க உடு தன் எரிபொருளை விரைந்து செலவிட்டு முன்னதாக முதிரும் என்பது உடுக்களின் வளர்ச்சி பற்றிய கொள்கையின் அடிப்படையாகும். ஒரே காலத்திற் பிறந்த இரு உடுக்களுள் சிறியது மட்டும் முதிர்ந்திருப்பது எவ்வாறு? அல்கோல் முரண்புதிர் எனப்படும் இதற்கு 1955இல் யோன் குறோபோட் ஒரு விடையை முன்வைத்தார். இன்று திணிவு குறைந்திருக்கும் உடுவே தொடக்கத்தில் திணிவு மிக்கதாயிருந்தது; அது முதிர்ந்து பருத்தபோது அதன் வெளிப்படலங்கள் துணையின் ஈர்ப்புக்கு உட்பட்டு அதனிடம் சென்று சேர்ந்தன என்பதே அவ்விடை. 1967இல் கிப்பன்ஹான், வைகேட் ஆகிய இருவரும் கணனியின் துணைகொண்டு செய்த கணிப்புகள் இவ்விளக்கம் பொருந்துவதே எனக் காட்டின.

ஆயினும் அல்கோலின் துணை இன்னும் நேரே நிறுக்கப்படவில்லை. 1978ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்திலுள்ள மக்டொனல்ட் வானாய்வகத்தில் ரொம்கின், லம்பேட் என்னும் இருவர், புதிய இலத்திரனியல் உணரியைப் பயன்படுத்தி, துணையின் நிறமாலையிலுள்ள சோடியக் கோடுகளைப் பிரித்தறிந்தனர். அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் எனவும், முதன்மையுடுவின் திணிவு துணையினதைப் போல் ஏறத்தாழ 4½ மடங்கு எனவும் தெரியவந்தது. ஃபோகல் அளந்த 42 பெரும் மாற்றமின்றி நிலைத்தது. அவர் கருதிப் பெற்ற 89 இரு மடங்குக்கு மேலாயிற்று.

இன்றைய கணிப்பின்படி முதன்மையுடுவின் திணிவு ஞாயிற்றினதைப் போல் 3.17 மடங்கு, துணையின் திணிவு 0.70 மடங்கு. ஆனால் அவற்றின் ஆரைகள் முறையே ஞாயிற்றின் ஆரையைப் போல் 2.73 மடங்கும் 3.48 மடங்கும் ஆகும். அதாவது, திணிவிற் சிறியதே உருவிற் பெரியது. அடர்த்திகள் சமமாயிருத்தல் எவ்வாற்றானும் இயலாது. ஃபோகலின் கணிப்பு முதன்மையுடுவை அதன் உண்மைத் திணிவில் ஏழிலொரு பங்காகக் குறைத்துக் காட்டியிருந்தது. இவ்விரண்டையும் ஏறத்தாழ 680 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் மூன்றாவது உடுவும் இத்தொகுதியில் உண்டு. ஹேர்ஷலின் தொலைகாட்டிக்குத் தனியுடுவாகத் தோன்றிய அல்கோலை, கலிபோர்ணியாவின் வில்சன் மலையிலுள்ள, பல தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் கருவியின் மூலம் இரு உருவங்களாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. புள்ளி ஈற்றில் வட்டமாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து ஃபோகலின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். துணையின் கோடுகளைக் காண இயலாத காலத்தில் ஒரு கருதுகோளை மேற்கொள்ளாது அவர் ஓரடியும் முன்னே சென்றிருக்க முடியாது. மேலும், அவர் தம் கருதுகோள்களை மறைத்தாரல்லர். ஆகவேதான் பின்வந்தோர் எதனைச் சோதிக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். தவறு நேர்வது, எண்கள் அவற்றைப் பெற்ற வழியினின்று பிரிந்து தனியே உலவத் தொடங்கும்போதேயாம். நூலிலிருந்து நூலுக்குச் செல்லும் எண், தான் அளக்கப்பட்டதா அன்றிக் கருதப்பட்டதா என்பதைத் தானே கூறுவதில்லை. அதனை வினவுதல் கற்போனின் கடமையாகும். இவ்வினா விஞ்ஞான மாணவனுக்கு மட்டும் உரியதன்று. கல்வெட்டின் காலத்தையும் குடிமதிப்பின் தொகையையும் கையாளும் கலைப்பீட மாணவனுக்கும் உரியதே.

கிரகண இரட்டை உடுக்களின் பயன் இன்று அவற்றின் எல்லையையும் கடந்து விரிந்துள்ளது. நமது பால்வீதிக்கு அயலிலுள்ள பெரிய மகெலன் முகிலில் 20 கிரகண இரட்டைகளை அளந்து, அதன் தூரம் ஏறத்தாழ 1,62,000 ஒளியாண்டுகள் என ஒரு சதவீதத் திருத்தத்துடன் 2019ஆம் ஆண்டில் நிறுவினர். அண்டத்தின் விரிவை அளக்கும் ஏணியின் கீழ்ப்படிகளுள் ஒன்றாக அத்தூரம் விளங்குகின்றது. அதன் தொடக்கம், யோர்க் நகரில் ஒலி கேளாத ஓர் இளைஞர் தெளிந்த இரவுகளில் ஓர் உடுவை அயல் உடுக்களுடன் ஒப்பிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்த குறிப்புகளில் உள்ளது. அக்குறிப்புகளில் அவர் கண்டதும் அவர் ஊகித்ததும் வேறுவேறாகவே எழுதப்பட்டன. அவற்றுள் கண்டது இன்றும் நிலைத்துள்ளது. ஊகித்தவற்றுள் ஒன்று நூறாண்டு காத்திருந்து மெய்யென நிறுவப்பட்டது.